தராசில் ஏறாதவை: நம் வீட்டு மின்சாதனக் கழிவுகளின் ஒரு சிறு வரலாறு

வாப்பா மௌத்தாகி மூன்று வருடங்களின் பின்னர்தான் அவருடைய கடை அலுமாரியைத் திறக்க எங்களுக்கு மனம் வந்தது. கல்முனை பஸாரில் நாற்பது வருடங்களுக்கு மேலாக அவர் றேடியோ, டீவி திருத்தும் கடை வைத்திருந்தார். கடையை மூடியபோது அங்கிருந்த சாமான்கள் எல்லாம் சாய்ந்தமருது வீட்டின் பின்னறைக்கு வந்து சேர்ந்தன. அந்த அறைக்குள் யாரும் அதிகம் போவதில்லை. உம்மா மட்டும் வெள்ளிக்கிழமைகளில் கூட்டிவிட்டுக் கதவைச் சாத்துவா.

திறந்து பார்த்தால், சிகரெட் பெட்டிகளுக்குள் பிரித்து வைத்த ட்ரான்சிஸ்டர்கள். பிஸ்கட் டின்களில் வால்வுகள். நான்கு கெசட் றேடியோக்கள். உள்ளுக்குள் ஊறி வெடித்த பற்றரிகள். கயிறு கட்டி வைத்த மின்வயர்ச் சுருள்கள். அடித்தட்டில் பழைய துணியால் சுற்றிய இரண்டு டீவிக் குழாய்கள். இவற்றோடு, வாப்பாவுக்குப் பின் எங்கள் வீட்டில் சேர்ந்தவையும் கிடந்தன: ஒரு கம்பியூட்டர், ஏழெட்டு கைத்தொலைபேசிகள், எரியாத மின்குமிழ்கள்.

"எல்லாம் குப்பதானே வாப்பா, கொண்டு போய்க் கொட்டுங்களன்" என்றாள் மகள்.

"எங்க மகள் கொட்டுற?" என்று கேட்டேன். அவளிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. முப்பது வருடமாக வரலாறு படிப்பித்தவன் நான். நம்முடைய வீடுகளுக்குள் இந்தச் சாமான்கள் எப்போது, எப்படி வந்தன என்பதைச் சொல்ல முடியும். அவை எந்த வழியால் வெளியே போயின என்பதை ஒருநாளும் யோசித்ததில்லை. இக்கட்டுரை அந்த வெளியேறிய வழியைப் பற்றியது.

நீர்மூழ்கியில் இருந்து வந்த குரல்

இலங்கையின் ஒலிபரப்பு வரலாற்றைச் சொல்கிறவர்கள் எல்லோரும் ஒரு சம்பவத்தில் இருந்துதான் தொடங்குவார்கள். 1921இல் தந்தித் திணைக்களத்தின் பிரதம பொறியியலாளராக இங்கு வந்த எட்வர்ட் ஹாப்பர், 1923இல் கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் ஒரு சின்ன அறையில் இருந்து கிராமபோன் இசையை வானலையில் விட்டுப் பார்த்தார். அதற்குப் பயன்பட்ட ஒலிபரப்புக் கருவி புதிதாக வாங்கியதல்ல. முதலாம் உலகப் போரில் பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிச் சாதனங்களைக் கழற்றி, திணைக்களத்துப் பொறியியலாளர்கள் அதைச் செய்தார்கள். 1925 டிசம்பர் 16ஆம் திகதி கொழும்பு வானொலி முறைப்படி தொடங்கியது. பிபிசி தொடங்கி அப்போது மூன்று வருடங்கள்தான் ஆகியிருந்தன.

ஆசியாவின் பழைய வானொலிகளுள் ஒன்று என்று நாம் பெருமைப்படுகிற நிலையம், இன்றைய பாஷையில் சொன்னால், மீள்பயன்பாட்டில் பிறந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னும் இதே கதைதான். நேச நாட்டுப் படைகள் கொழும்பில் நடத்திய றேடியோ சீயாக் நிலையத்தின் சாதனங்கள் இலங்கை அரசுக்குக் கைமாறின. 1949இல் றேடியோ சிலோன் என்ற பெயர் வந்தது.

அந்தக் காலத்தில் றேடியோ என்பது ஒரு சொத்து. அதற்குத் தபாற்கந்தோரில் லைசன்ஸ் எடுக்க வேண்டும். எங்கள் மூத்தப்பாவின் வால்வு றேடியோவுக்கு உம்மும்மா தைத்த பூப்போட்ட துணியுறை இருந்தது. அதைத் திறக்கிற உரிமை அவருக்கு மட்டும்தான். பழுதானால் திருத்துவார்கள். திருத்த முடியாமல் போனால் அதன் பெட்டியைக் கழற்றி இன்னொரு றேடியோவுக்கு வைப்பார்கள். பெட்டிக்கும் வழியில்லாவிட்டால் அதில் கோழி அடை வைக்கும். குப்பையாவதற்கு எதுவும் மிஞ்சாது.

ஒன்று மட்டும் மிஞ்சியது. ட்ரான்சிஸ்டர் றேடியோ பரவலாக வந்த பிறகு, மின்சாரம் இல்லாத வீடுகளிலும் றேடியோ பாடியது. அதற்குப் பற்றரி வேண்டும். தீர்ந்த பற்றரியைச் சிறுவர்கள் கல்லில் வைத்து உடைப்போம். நடுவிலிருக்கும் கரிக்குச்சி சுவரில் எழுத நல்லது. அதைச் சுற்றியுள்ள கறுப்பு மாவால் மீசை வைத்துக்கொள்வோம். அது மாங்கனீசு சேர்ந்த மாவு என்பதும், அந்தக் காலத்துப் பற்றரிகளின் நாக உறையில் கொஞ்சம் பாதரசமும் சேர்ப்பார்கள் என்பதும் யாருக்குத் தெரியும்? உம்மா ஏசியது உடுப்புக் கறுத்ததற்காக மட்டும்தான்.

1977க்குப் பிறகு

1977இல் பொருளாதாரம் திறந்து விடப்பட்டது. அதையொட்டிய வருடங்களில்தான் நம் ஊர்களில் இருந்து சவூதிக்கும் குவைத்துக்கும் கட்டாருக்கும் ஆட்கள் போகத் தொடங்கினார்கள். 1979 ஏப்ரலில் சுயாதீன தொலைக்காட்சி கொழும்புச் சுற்றுவட்டத்துக்கு மட்டும் தெரியத் தொடங்கியது. 1982 பெப்ரவரி 15ஆம் திகதி ஜப்பானிய உதவியோடு ரூபவாஹினி வந்தது. அதன் ஒளிபரப்புக் கோபுரம் பிதுருதலாகல மலையுச்சியில் ஏறிய பிறகு தூர இடங்களிலும் கூரைக்கு மேல் அன்டெனாக்கள் முளைத்தன.

சவூதியிலிருந்து லீவில் வருகிறவர் கொண்டுவரும் சாமான்களுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. முதல் பயணத்தில் இரண்டு ஸ்பீக்கர் வைத்த கெசட் செட். இரண்டாவது பயணத்தில் கலர் டீவி. மூன்றாவதில் டெக், அல்லது பிரிட்ஜ். யார் எத்தனை பயணம் போய் வந்தார் என்பதை அவருடைய வீட்டு முன்னறையைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

வாப்பாவின் கடைக்கு அது பொற்காலம். மேசையில் எந்நேரமும் ஆறேழு செட்கள் வயிறு திறந்தபடி கிடக்கும். இடதுகையில் சாமானைப் பிடித்து, வலதுகையில் சொல்டரிங் அயனைப் பிடித்து, ஈயக் கம்பியைப் பல்லில் கடித்து வைத்திருப்பார். மூன்றாவது கை இல்லாதவனுக்குப் பல்தான் கை என்பார். அந்தக் கம்பியில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பங்கு ஈயம், மீதி வெள்ளீயம். சொல்டர் செய்யும்போது எழுகிற புகை பெரும்பாலும் குங்கிலியத்தின் புகை. அந்தச் சூட்டில் ஈயம் ஆவியாகாது. அது உடம்புக்குள் போவது கைவழியாகவும் வாய்வழியாகவும். அதே கையால் வாப்பா பணிஸ் பிய்த்துச் சாப்பிடுவதை நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். அவருடைய கடைசிக் காலத்து நோய்களுக்கு அதுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஒருவரும் அவரிடம் 'கையைக் கழுவுங்க' என்று சொல்லவில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நிலைமை மாறியது. புது கெசட் செட்டின் விலை இறங்கியது. திருத்துகிற கூலியும் சாமான் விலையும் ஏறின. "இத திருத்துற சல்லிக்குப் புதுசு ஒண்டு வாங்கலாமே காக்கா" என்று வாடிக்கையாளர்கள் சொல்லத் தொடங்கினார்கள். சிலர் திருத்தக் கொடுத்த செட்டை எடுக்கவே வரவில்லை. அலுமாரியில் இருந்த நான்கு கெசட் றேடியோக்களும் அப்படி வராமல் போனவர்களுடையவை. ஒவ்வொன்றிலும் வாப்பாவின் கையெழுத்தில் பெயர் எழுதிய துண்டு இன்னும் ஒட்டியிருக்கிறது. அமானிதம் என்று வைத்திருந்தார்.

போத்தல்காரரின் கணக்கு

வீட்டுக்குள் வந்த இந்தச் சாமான்களை வெளியே கொண்டுபோனவர் யார்? எந்தச் சபையுமல்ல, எந்தக் கம்பனியுமல்ல. போத்தல்காரர்தான்.

இலங்கையின் எந்த ஊரிலும் அவர் இருக்கிறார். சிங்களத்தில் அவரைப் 'போத்தல் பத்தர' என்பார்கள். எங்கள் பக்கம் 'போத்தல், பழைய இரும்பேய்...' என்று கூவிக்கொண்டு சைக்கிளில் வருவார். பின்னாளில் தள்ளுவண்டி வந்தது. இப்போது முச்சக்கர வண்டியும் ஒலிபெருக்கியும். நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது சல்லிக்குப் பதில் தும்பு முட்டாசும் தருவார். அவரிடம் இருந்து சாமான் ஊர்ப் பழைய இரும்புக் கடைக்குப் போகும். அங்கே பிரித்து, நிறுத்து, கொழும்புக்கு லொறியில் ஏற்றுவார்கள். அதற்குப் பின் உருக்காலை, அல்லது கப்பல்.

இது பட்டப்படிப்புப் படித்தவர்கள் யாரும் வகுத்த திட்டமல்ல. ஆனால் ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் கிழமைக்கு ஒருதரம் வருகிற, அரசுக்கு ஒரு சதம் செலவு வைக்காத சேகரிப்பு முறை இதுதான். இந்தத் தொழிலில் நம் சமூகத்தவர் பல ஊர்களில் பரம்பரையாக இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி நம் ஆய்வுகளில் ஒரு பக்கம்கூட நான் பார்த்ததில்லை. முத்து வியாபாரிகளையும் மாணிக்க வியாபாரிகளையும் எழுதிய அளவுக்குப் பழைய இரும்பு வியாபாரிகளை நாம் எழுதவில்லை.

இந்த முறையின் பலம் எதுவோ அதுவேதான் அதன் குறையும். போத்தல்காரரின் கையில் இருப்பது ஒரு தராசு. செம்புக்கு ஒரு விலை, அலுமினியத்துக்கு ஒரு விலை, இரும்புக்கு ஒரு விலை. விலை இருப்பது தராசில் ஏறும். விலை இல்லாதது ஏறாது. ஒரு பழைய டீவியில் செம்புச் சுருள் உண்டு, அலுமினியத் தகடு உண்டு, வயர் உண்டு. அவற்றை எடுத்த பிறகு மிஞ்சுவது கண்ணாடிக் குழாயும் பிளாஸ்டிக் பெட்டியும். அவற்றை வாங்க ஆளில்லை. வயரிலும் அப்படித்தான். உள்ளே இருக்கும் செம்புக்கு நல்ல விலை. மேலே இருக்கும் பிளாஸ்டிக் உறைக்கு விலை இல்லை. கத்தியால் உரித்தால் ஒருநாள் வேலை. நெருப்பில் போட்டால் பத்து நிமிட வேலை. உரிக்கிற கூலியை யாரும் தரப்போவதில்லை. ஆகவே நெருப்பு.

அந்த உறை பிவிசி. எரிந்தால் அமிலப் புகை வரும். செம்போடு சேர்ந்து எரியும்போது டயொக்சின் என்கிற, உடம்புக் கொழுப்பில் வருடக்கணக்கில் தங்கும் நஞ்சும் உண்டாகும். பின்னேரங்களில் கடற்கரைப் பக்கம் எழும்பிய கறுப்புப் புகையை நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து போயிருக்கிறோம். மணம் கூடாதென்று பொத்தினோமே தவிர, நஞ்சென்று அல்ல.

நான் உடைத்த குழாய்கள்

போத்தல்காரரை மட்டும் குறை சொல்லி இந்த வரலாற்றை எழுத எனக்கு உரிமை இல்லை. பதினாலு, பதினைந்து வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்து வாப்பாவின் கடையில் நிற்பேன். செத்த டீவிகளைப் பிரிப்பது என்னுடைய வேலை. குழாயின் கழுத்தில் சுற்றியிருக்கும் செம்புச் சுருளை எடுக்க வேண்டும். குழாய்க்குள் காற்று இல்லை. சும்மா உடைத்தால் வெடித்துக் கண்ணாடி முகத்தில் அடிக்கும். கழுத்தின் முனையில் இருக்கும் சின்னக் கண்ணாடிக் காம்பைக் குறட்டால் நசுக்கினால் 'ஸ்ஸ்...' என்று காற்று உள்ளே போகும். அதற்குப் பிறகு பயமில்லை. அப்படித்தான் வாப்பா சொல்லித் தந்தார்.

சுருளைக் கழற்றியதும் மிச்சக் கண்ணாடியை உரப்பையில் போட்டுச் சுத்தியலால் அடிப்பேன். சின்னதானால் தூக்க லேசு. "தோணாப் பக்கம் போட்டுட்டு வா மகன்" என்பார். சைக்கிள் கெரியரில் கட்டிக்கொண்டு போய்ச் சாய்ந்தமருதுத் தோணாவின் கரையில் கொட்டுவேன். எத்தனை தரம் என்று கணக்கில்லை.

அந்தக் கண்ணாடி சாதாரணக் கண்ணாடி அல்ல. டீவிக் குழாய்க்குள் மின்னணுக்கள் பாய்ந்து திரையில் மோதும்போது எக்ஸ் கதிர் உண்டாகும். அது பார்க்கிறவர் மேல் படாமல் இருப்பதற்காகக் கண்ணாடியோடு ஈயம் சேர்ப்பார்கள். கலர் டீவியின் பின்பக்கப் புனல் வடிவக் கண்ணாடியில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு ஈய ஒட்சைட்டு. ஒரு சாதாரண கலர் டீவிக் குழாயில் ஒன்று இரண்டு கிலோ ஈயம் இருக்கும். பெரியதில் அதற்கும் மேல். கறுப்பு வெள்ளை டீவியில் இதைவிடக் குறைவு. முழுதாக இருக்கும்வரை அந்த ஈயம் கண்ணாடிக்குள் கட்டுண்டு கிடக்கும். அதனால் யாருக்கும் பெரிய கேடு இல்லை. தூளாக்கி, ஈரத்திலும் அழுகலிலும் போட்டால் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். திரையின் உட்புறத்தில் இருந்த மெல்லிய வெள்ளைத் தூளை நான் விரலால் தொட்டு விளையாடியும் இருக்கிறேன். பழைய குழாய்களில் அந்தத் தூளில் கட்மியம் சேர்ந்திருந்தது.

பிள்ளைகளின் இரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று சொல்லத்தக்க ஓர் அளவு இல்லை என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது. ஈயம் முதலில் தாக்குவது வளரும் மூளையை. படிப்பில் கவனம் குறையும். சொல்வது விளங்க நேரமெடுக்கும். இதை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. முப்பது வருடம் வகுப்பறையில் நின்று, 'இந்தப் புள்ளைக்கு ஏன் மண்டைல ஏறுதில்ல' என்று எத்தனை பிள்ளைகளைக் கோபித்திருக்கிறேன். அவர்களில் தோணாக் கரையில் விளையாடி வளர்ந்தவர்கள் எத்தனை பேர்? இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று நிறுவ என்னிடம் ஒரு சோதனை முடிவும் இல்லை. கொட்டியவன் நான் என்பது மட்டும் நிச்சயம்.

சுனாமிக்குப் பின்

2004 டிசம்பர் 26 காலையைப் பற்றி நம் பகுதி ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நாட்டில் 30,000 பேருக்கு மேல் இறந்த அந்தப் பேரழிவில் கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைக் கரைகள் இழந்தவை ஏராளம். மையித்துகளை அடக்கி முடித்த பிறகு மிஞ்சியது இடிபாடு. கல்லும் ஓடும் கதவும் மரமும், அவற்றுக்கு இடையில் இருபத்தைந்து வருட சவூதி உழைப்பும் கிடந்தன. உப்புத் தண்ணீரில் ஊறிய டீவிகள், பிரிட்ஜுகள், கெசட் செட்கள்.

ஒருவர் உப்பு ஊறிய டீவியைத் தூக்கிக்கொண்டு வாப்பாவிடம் வந்தார். வீடு போய்விட்டது, இது ஒன்றுதான் கிடைத்தது. வாப்பா திறந்து பார்த்தார். உள்ளே மணலும் சேறும். "திருத்தலாம், வெச்சிட்டுப் போங்க" என்றார். திருத்த முடியாதென்று அவருக்குத் தெரியும். அலுமாரியில் துணி சுற்றியிருந்த இரண்டு குழாய்களில் ஒன்று அந்த டீவியுடையது.

அந்த மாதங்களில் பழைய இரும்பு வாங்குகிறவர்கள் தூர இடங்களில் இருந்தும் வந்தார்கள். செம்பும் இரும்பும் லொறி லொறியாகப் போயின. மிச்சம் இடிபாட்டோடு சேர்ந்து பள்ளங்களை நிரப்பப் பயன்பட்டது. அன்றைக்கு யாரும் அதைப் பிரித்துப் பார்க்கிற நிலையில் இருக்கவில்லை. அதைக் குற்றமென்று சொல்வதும் நியாயமல்ல. ஆனால் நமது கரையோர மண்ணின் வரலாற்றில் அதுவும் ஒரு படை.

சட்டம் வந்த வழி

இலங்கையில் தேசிய சுற்றாடல் சட்டம் 1980இல் வந்தது. அதன் கீழ் மத்திய சுற்றாடல் அதிகாரசபை உருவானது. உலக அளவில் நஞ்சுக் கழிவு பற்றிய விழிப்பு வந்தது எண்பதுகளின் இறுதியில். 1988இல் நைஜீரியாவின் கோகோ என்ற சிறு துறைமுக ஊரில் ஒருவர் தன் வளவை மாத வாடகைக்குக் கொடுத்திருந்தார். அங்கு ஆயிரக்கணக்கான பீப்பாய்களில் இத்தாலியின் நஞ்சுக் கழிவு வந்து குவிந்திருப்பது அம்பலமானது. இப்படியான சம்பவங்களுக்குப் பிறகு 1989 மார்ச்சில் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் ஒரு சமவாயம் நிறைவேறியது: ஒரு நாட்டின் ஆபத்தான கழிவை, பெறுகிற நாட்டின் சம்மதம் இல்லாமல் அங்கு அனுப்பக்கூடாது. 1992இல் இலங்கையும் அதில் சேர்ந்தது.

அந்தச் சமவாயம் வெறும் காகிதமல்ல என்பதை நாம் கண்ணால் பார்த்தோம். மெத்தை முதலிய பழைய சாமான்கள் என்ற பெயரில் பிரித்தானியாவில் இருந்து கொழும்புக்கு வந்த நூற்றுக்கணக்கான கழிவுக் கொள்கலன்கள், வழக்கு நடந்து, 2020 செப்டம்பர் முதல் 2022 பெப்ரவரி வரை கட்டங்கட்டமாகத் திருப்பி அனுப்பப்பட்டன. வெளியூரார் குப்பையை நாம் திருப்பி அனுப்பிவிட்டோம். நம்முடைய குப்பையை எங்கே அனுப்புவது?

2008 வர்த்தமானியில் வந்த ஒழுங்குவிதிகள் ஆபத்தான கழிவுகளை அட்டவணைப்படுத்தின. அவற்றைச் சேகரிக்க, கொண்டுசெல்ல, மீள்சுழற்சி செய்ய அனுமதிப்பத்திரம் வேண்டும் என்றன. அனுமதிபெற்ற கம்பனிகள் உருவாயின. ஆனால் பெரும்பாலானவை மேல் மாகாணத்தில். அவை சாதனங்களைப் பிரித்து, சுற்றுப்பலகை போன்ற சிக்கலான பகுதிகளை அதற்கான ஆலைகள் உள்ள வெளிநாடுகளுக்கு அனுப்புகின்றன. 2021 ஒக்டோபரில் ஒரு கிழமை தபாற்கந்தோர்கள் வழியாக வீட்டு மின்சாதனக் கழிவுகளைச் சேர்த்தார்கள். மூத்தப்பா றேடியோவுக்கு லைசன்ஸ் கட்டிய அதே தபாற்கந்தோர், செத்த றேடியோவைப் பொறுப்பெடுத்தது. நல்ல வேலை. ஆனால் ஒரு கிழமை முடிந்தால் அடுத்த கிழமை வாசலுக்கு வருவது மறுபடியும் போத்தல்காரர்தான்.

இது நம் நாட்டுக் குறை மட்டுமல்ல. ஐக்கிய நாடுகளின் 2024ஆம் ஆண்டு அறிக்கையின்படி, 2022இல் உலகில் 62 மில்லியன் தொன் மின்சாதனக் கழிவு உண்டானது. முறையாகச் சேகரித்து மீள்சுழற்சி செய்ததாகப் பதிவானது அதில் 22.3 வீதம்தான்.

இரண்டு நாடுகளின் பாடம்

இந்தத் துறையில் இரண்டு நாடுகளை அருகருகே வைத்துப் பார்த்தால் நமக்கு ஒரு விஷயம் தெளிவாகும்.

ஒன்று சுவிற்சர்லாந்து. அங்கே 1990களின் தொடக்கத்தில் உற்பத்தியாளரும் இறக்குமதியாளரும் சேர்ந்து ஒரு முறையைக் கொண்டுவந்தார்கள். பிரிட்ஜோ கம்பியூட்டரோ வாங்கும்போதே விலையோடு ஒரு சிறு கட்டணம் சேரும். அந்தச் சாமான் சாகும்போது அதைச் சேகரிக்கவும் பிரிக்கவும் ஆகும் செலவு அந்த நிதியில் இருந்து போகும். பழைய சாமானை எந்தக் கடையிலும் இலவசமாகக் கொடுக்கலாம். அதாவது, தராசில் ஏறாத பகுதிக்கும் ஒருவர் முன்கூட்டியே சல்லி கட்டியிருக்கிறார்.

மற்றது கானா. அதன் தலைநகர் அக்ராவில் அக்போக்புலோஷி என்ற இடம் உலகப் பிரசித்தம். நாட்டின் வடக்கில் இருந்து பிழைப்புத் தேடி வந்த இளைஞர்கள் அங்கு வயர் எரித்துச் செம்பு எடுத்தார்கள். புகைக்கு நடுவில் நிற்கும் அந்தப் பையன்களின் படங்களை நம்மில் பலர் பார்த்திருப்போம். 2014இல் ஒரு முயற்சி நடந்தது: வயரை எரிக்காமல் உரிக்கிற இயந்திரங்கள் வைத்தார்கள். பின்னர் எரிக்காத வயரைக் கொண்டுவந்து ஒப்படைப்பவருக்குக் கூடுதல் சல்லி தருகிற ஒரு திட்டமும் நடந்தது. சல்லி தந்தபோது எரிக்காமல் கொண்டுவந்தார்கள். 2021 ஜூலையில் அதிகாரிகள் அந்தப் பழைய இரும்புச் சந்தையையே இடித்துத் தள்ளினார்கள். தொழில் நின்றதா? இல்லை. ஆட்கள் நகரத்தின் வேறு மூலைகளுக்குப் பிரிந்து போய் அங்கு எரித்தார்கள்.

சுவிற்சர்லாந்தும் கானாவும் சேர்ந்து முன்வைத்த திருத்தம் ஒன்று 2022இல் பாசல் சமவாயத்தில் நிறைவேறி, 2025 ஜனவரி முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தது. அதன்படி இப்போது ஆபத்தானது, ஆபத்தில்லாதது என்ற வேறுபாடில்லாமல் எல்லா மின்சாதனக் கழிவையும் நாடு கடத்த முன்கூட்டிய சம்மதம் வேண்டும்.

இந்த இரண்டு அனுபவங்களில் இருந்தும் நான் விளங்கிக்கொண்டது இதுதான்: பொறுக்குகிறவரை விரட்டினால் நஞ்சு இடம் மாறும், அவருக்குச் சல்லி கொடுத்தால் நஞ்சு கைக்கு வரும். நம் ஊர்களில் புதிதாகச் சேகரிப்பு முறை ஒன்றை உண்டாக்கத் தேவையில்லை. இருக்கிறது. அதன் தராசில் ஏறாத பொருட்களுக்கு ஒரு விலை வைப்பதுதான் மிச்சம். உடைக்காத டீவிக் குழாய்க்கு இவ்வளவு, எரிக்காத வயருக்குக் கிலோவுக்கு இவ்வளவு கூடுதல், முழுதான பற்றரிக்கு இவ்வளவு என்று. சல்லி எங்கிருந்து? புதுச் சாமான் விற்கிறவரிடமும் வாங்குகிற நம்மிடமும் இருந்து.

அலுமாரிக்கு என்ன நடந்தது

போன நோன்புப் பெருநாள் கழிந்து நான் அலுமாரியைப் பிரிக்கத் தொடங்கினேன். அறிந்தவர்களிடம் கேட்டு ஓர் ஒழுங்கு வைத்துக்கொண்டேன். மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன். எதையும் உடைக்கக் கூடாது. சாமான் முழுதாக இருக்கும்வரைதான் நஞ்சு உள்ளே இருக்கும். கைத்தொலைபேசிகளில் இருந்த படங்களையும் இலக்கங்களையும் அழித்துவிட வேண்டும். வீங்கிய லிதியம் பற்றரியைக் குத்தவோ அமத்தவோ கூடாது, தீப்பிடிக்கும். பற்றரி முனைகளில் ஒட்டுநாடா ஒட்டி, மற்றவற்றோடு சேராமல் தனியே வைக்க வேண்டும். நீண்ட மின்குமிழ்களிலும் சுருள் குமிழ்களிலும் பாதரச ஆவி உண்டு; அட்டைப் பெட்டியில் உடையாமல் வைக்க வேண்டும். உடைந்துவிட்டால் ஜன்னலைத் திறந்துவிட்டுக் கொஞ்சநேரம் வெளியே போக வேண்டும். கையால் அள்ளவோ தும்புத்தடியால் கூட்டவோ கூடாது. பழைய பிரிட்ஜின் குழாயை வெட்டக் கூடாது. உள்ளே இருக்கும் வாயு ஓசோன் படையைக் கெடுக்கும் வகையாக இருக்கலாம்.

எல்லாம் எட்டுப் பெட்டி வந்தது. அனுமதிபெற்ற ஒரு கம்பனியின் கொழும்புக் களஞ்சியத்துக்குச் சாமான் ஏற்றிப்போகிற லொறியில், வாடகை கொடுத்து அனுப்பினேன். அனுப்புவதற்கு முதல் நாள் வழமையான போத்தல்காரர் வாசலுக்கு வந்தார். பெட்டிகளைப் பார்த்தார். டீவிக் குழாயைத் துணியோடு தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தார்.

"சேர், இதுக்கு அவங்க எவ்வளவு தாறாங்க?"

"ஒண்டும் தர இல்ல காக்கா. லொறிக்கு நான்தான் குடுக்கன்."

அவர் சிரித்தார். "நீங்க படிச்ச ஆள், குடுப்பீங்க. நான் இதக் கொண்டு போனா எனக்கு ஆரு தாற? செம்பக் கழட்டிட்டு மிச்சத்த எங்கயாச்சும் போடத்தான் வேணும். ஆராச்சும் நூறு ரூவா தந்தா, ஒடைக்காமக் கொண்டு போய்க் குடுப்பன் சேர். எனக்கு என்ன, ஒடைக்கிறதில ஆசையா?"

பதினாலு வயதில் நானும் ஆசையில் உடைக்கவில்லை. செம்புக்கு விலை இருந்தது, கண்ணாடிக்கு இல்லை. அவ்வளவுதான். அன்றைக்கு முழுக் குழாய்க்கு ஐந்து ரூபாய் தர ஒருவர் இருந்திருந்தால் வாப்பா என்னைத் தோணாவுக்கு அனுப்பியிருக்க மாட்டார்.

இப்போது எங்கள் தெருவில் பன்னிரண்டு வீட்டுக்காரர்கள் சேர்ந்து மாதம் ஒரு சிறு தொகை போடுகிறோம். போத்தல்காரர் இந்த வீடுகளில் இருந்து உடைக்காமல் கொண்டுவரும் டீவிக் குழாய்க்கும், பற்றரிக்கும், குமிழ்ப் பெட்டிக்கும் அதிலிருந்து சல்லி கொடுக்கிறோம். சாமான்கள் எங்கள் வீட்டுப் பின்னறையில் சேர்கின்றன. லொறி நிரம்ப இன்னும் நாளாகும். பன்னிரண்டு வீடு ஓர் ஊரல்ல என்று எனக்குத் தெரியும். இதைச் செய்ய வேண்டியது நாடு முழுவதற்குமான ஒரு நிதி. அதைக் கேட்க வேண்டியது நாம்.

எடுக்க வராத நான்கு கெசட் றேடியோக்களை மட்டும் நான் அனுப்பவில்லை. துண்டுகளில் உள்ள பெயர்களை விசாரித்துக்கொண்டிருக்கிறேன். இருவர் சுனாமியில் மௌத்து. ஒருவர் நாட்டில் இல்லை. நாலாமவரின் மகன் வருகிற வெள்ளிக்கிழமை வந்து எடுத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறார்.